வசனம் எடுத்துக் கொடுப்பவள்

கடைசிக் காட்சிக்கு முன்னால் திரை விழுந்திருந்த நேரத்தில் மாவு அண்ணன் வந்து என் மடியில் சில தாள்களைப் போட்டார். "இதப் பாத்து எடுத்துக் குடும்மா. பழசு வேணாம்," என்று சொல்லிவிட்டு, நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அந்தப் பக்கம் போய்விட்டார். மேடையின் இடதுபக்கத் தட்டிக்குப் பின்னால் ஒரு காலி பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு நான் உட்கார்ந்திருந்தேன். வசனத் தாளில் மட்டும் வெளிச்சம் விழும்படி ஒரு சின்ன பல்பை ஒயரில் தொங்கவிட்டிருந்தார்கள். அதைக் கட்டிக்கொடுத்தது மெக்கானிக். "உன் கண்ணு கெட்டுப்போச்சுன்னா அப்புறம் எனக்கு யாரு வசனம் சொல்றது?" என்று காலையில்தான் கேட்டான். தாள்களை அந்த வெளிச்சத்தில் பிரித்தேன். கையெழுத்து அவனுடையதாக இருந்தது.

மாவு அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் பிஸ்கட் ஃபேக்டரியில் மாவு பிசையும் பெரிய அண்டாக்களைப் பார்த்துக்கொள்பவர். சங்கத்தின் நாடகக் குழுவுக்கும் அவர்தான் பொறுப்பு. மாவு இளகினால் மாவைச் சேர்ப்பார், இறுகினால் தண்ணீரைச் சேர்ப்பார். நாடகத்தையும் அப்படித்தான் நடத்துவார், ஒருவரையும் பகைத்துக்கொள்ள மாட்டார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் எந்தப் பக்கம் என்று கேட்டால் நடுவில் நின்று சிரிக்கிற மனிதரிடம் ஒரு விஷயத்தை ஒப்படைத்தால் அது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மெக்கானிக் எங்கள் பெல்ட்டுக்கு மெக்கானிக். எல்லோரும் அப்படிக் கூப்பிடுவதால் நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். தனியாக இருக்கும்போது வேறு மாதிரி கூப்பிடுவேன், அது இங்கே வேண்டாம். அடுப்பிலிருந்து வரும் பிஸ்கட்டுகள் நீளமான பெல்ட்டில் ஆறிக்கொண்டே வரும். முடி விழாமலிருக்கத் தலைவலை கட்டிக்கொண்டு பெண்கள் நாங்கள் இரண்டு பக்கமும் நின்று, உடைந்ததைப் பொறுக்கி எறிந்துவிட்டு, நல்லதை அடுக்கி, பேக்கிங் மெஷினின் வாய்க்குள் தள்ளுவோம். மெஷினை ஓட்டுபவர் ஆப்பரேட்டர். ஆப்பரேட்டர் என்றால் ஆண். அப்படி எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை, ஆனாலும் அப்படித்தான். மெஷின் மக்கர் செய்தால் மெக்கானிக் வருவான். அது அடிக்கடி மக்கர் செய்தது. பிறகுதான் தெரிந்தது, பாதி நேரம் மெஷினில் ஒரு கோளாறும் இருக்காது.

மற்ற ஜோடிகள் எங்கெங்கோ போய் உட்கார்ந்து பேசியிருப்பார்கள். எங்களுக்குக் கிடைத்த இடம் அந்த மெஷினின் பின்பக்கம்தான். அங்கே நின்றுகொண்டு என்ன பேசுவது? அவன் மெஷினைப் பற்றிப் பேசினான். பேப்பர் ரோல் ஒரு பக்கமாக இழுத்தால் எந்தத் திருகைத் தளர்த்த வேண்டும், சீல் போடும் வாயின் சூடு கூடினால் எப்படி ஒரு கருகல் வாசனை வரும், கட்டரின் தாளம் தப்பினால் காதில் எப்படி விழும், எல்லாம் சொன்னான். என் கையைப் பிடித்து ஸ்பானரில் வைத்தான். அவன் என் கையைப் பிடித்தான் என்பது எனக்கு முக்கியமாக இருந்ததைப் போலவே ஸ்பானரும் முக்கியமாக இருந்தது, அதை நான் அவனிடம் சொல்லவில்லை. இரண்டு வருஷத்தில், பெல்ட்டின் இந்த முனையில் நின்றபடியே மெஷினுக்கு என்ன உடம்புக்கு என்று சொல்கிற அளவுக்கு எனக்குக் காது தேறிவிட்டது. "டாக்டரம்மா வந்துட்டாங்க, ஊசி போடாம விடமாட்டாங்க," என்று அவன் கேலி செய்வான். எனக்கு அந்தக் கேலி பிடித்திருந்தது.

ஆப்பரேட்டர் வேலைக்குப் பரீட்சை, பெண்களும் எழுதலாம் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். நான் முதலில் அவனிடம்தான் ஓடினேன். வேறு யாரிடம் ஓடுவது? ஷிப்ட் முடிந்து சைக்கிள் ஷெட்டில் நின்றிருந்தான். சொன்னதும் அவன் முகம் மாறியது. முதலில் சம்பள விஷயம் பேசினான், பிறகு இரவு ஷிப்ட்டைச் சொன்னான், பிறகு ஊர் வாயைச் சொன்னான். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். எல்லாக் காரணமும் தீர்ந்துபோன பிறகு அவன் சைக்கிள் சீட்டைத் தடவிக்கொண்டே சொன்னான்: "அண்ணாந்து பாத்து எனக்குப் பழக்கமில்ல. நீ கீழ நின்னாத்தான் என்னால உன்ன நேசிக்க முடியும்." எனக்குக் கோபம் வருவதற்குள் அவனே மறுபடி சொன்னான். "நீ ஃபெயில் ஆயிடுவன்னு பயமில்ல. பாஸ் ஆயிடுவன்னுதான் பயம்." சொல்லிவிட்டு அழுதான். சும்மா கண் கலங்குவது இல்லை, தோள் குலுங்க அழுதான். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். ஓர் ஆண் தன் அசிங்கத்தை இப்படி உடைத்துக் கொட்டுகிறான் என்றால் அது எவ்வளவு பெரிய நம்பிக்கை என்று நினைத்து உருகிப்போனேன். பரீட்சை எழுதவில்லை. குடோனிலிருந்து வந்த ஒருத்தன் பாஸாகி எங்கள் மெஷினுக்கு வந்தான். ரோலின் எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று முதல் வாரம் முழுக்க என்னிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தான். நானும் சொல்லிக் கொடுத்தேன். வயிறு எரிந்தது, ஆனாலும் சொல்லிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் நாடகம் வந்தது. ஆண்டு விழாவுக்குக் கதை வேண்டும் என்று மாவு அண்ணன் எல்லோரையும் கேட்டார். யாரோ ஒரு பெண்ணுக்கு நடந்த மாதிரி நான் சொன்னேன். மெஷின் ஓட்ட ஆசைப்படுகிற ஒருத்தி, வேண்டாம் என்று மறிக்கிற காதலன், கடைசியில் அவள் மெஷினில் நிற்பாள், அவன் பெல்ட்டில் நின்று அவளுக்குப் பிஸ்கட் அடுக்கித் தள்ளுவான், திரை. சைக்கிள் ஷெட்டில் அவன் சொன்ன அந்த இரண்டு வாக்கியங்களை மட்டும் நான் கதையில் சேர்க்கவில்லை. அது என்னிடம் கொடுத்து வைத்த பொருள். கதையைச் சொல்லி முடித்ததும் யாரும் கேட்காமலே மெக்கானிக் எழுந்து, "அந்தப் பையன் வேஷம் நான் பண்றேன்," என்றான். வீட்டுக்குத் திரும்பும் வழியில், "நிஜத்துல விடல. நாடகத்துலயாவது நீ ஜெயிச்சுக்கோ," என்று மெதுவாகச் சொன்னான். வாயால் கேட்கத் தெரியாத மன்னிப்பை மேடையில் ஏறிக் கேட்கப் போகிறான் என்று நான் புரிந்துகொண்டேன். முட்டாளுக்குப் புரிந்துகொள்ள என்ன குறைச்சல். அன்றிலிருந்து எனக்கு அந்தக் கடைசிக் காட்சி ஒன்றுதான் வேண்டியிருந்தது. பரீட்சை போனது போகட்டும், அந்த ஒரு காட்சியில் எல்லோர் முன்னாலும் அவன் எனக்குப் பிஸ்கட் அடுக்கித் தரட்டும்.

நான் மேடை ஏறக் கூடாது என்று என் அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டான். "மேடையில ஏறல, மேடை ஓரத்துல உக்காரப் போறேன்," என்றேன். முனகிக்கொண்டே சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். கதாநாயகியாக நடிக்க ரேடியோ வந்தாள். பெல்ட்டில் என் பக்கத்தில் நிற்பவள். ஷிப்ட் தொடங்கியதிலிருந்து முடியும் வரை நிறுத்தாமல் பேசுவதால் ரேடியோ. நான் எழுதியதை மூன்றே நாளில் தலைகீழாக ஒப்பித்தாள். மெக்கானிக்குக்குத்தான் ஒரு வரியும் மண்டையில் ஏறவில்லை. இருநூறு திருகு இருக்கிற மெஷினைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவான், "நீ இப்படிச் செய்யலாமா" என்ற மூன்று சொல்லை மறந்துவிடுவான். கடைசியில் எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்தது. தட்டிக்குப் பின்னாலிருந்து நான் ஒரு மூச்சு முன்னால் சொல்வேன், அவன் அதை வாங்கி அப்படியே சொல்வான். பொருள்கூட யோசிப்பதில்லை. பின்னாலிருந்து என் குரலில் என்ன வந்தாலும் அது அவன் வாயில் வந்துவிடும். "நீங்க ரெண்டு பேரும் ஒரே வாய்தாம்மா," என்று மாவு அண்ணன் சொல்வார். கேட்க எனக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருக்கும்.

புதுத் தாள்களை ஒருமுறை படித்தேன், நம்பாமல் மறுபடி படித்தேன். அதில் அவள் மெஷினை ஓட்டுகிறாள். ஓட்டிய கையோடு சீல் வாயில் கையைக் கொடுத்துவிட்டு அலறுகிறாள். அவன் பாய்ந்து வந்து மெஷினை நிறுத்திக் காப்பாற்றுகிறான். அவள் அவன் காலடியில் உட்கார்ந்து சொல்கிறாள்: "உங்கள அண்ணாந்து பாக்கறதுலதான் எனக்கு நிம்மதி. கீழ நிக்கறதுதான் எனக்கு அழகு. மெஷின் எனக்கு வேணாம்." ஸ்பானரை அவனிடம் திருப்பிக் கொடுக்கிறாள். திரை.

எங்கே வலித்தது என்று சொல்லத் தெரியவில்லை. சைக்கிள் ஷெட்டில் அவன் அழுதுகொண்டு சொன்னதை எடுத்து, திருப்பிப் போட்டு, என் வாயில் வைத்திருக்கிறான். நான் எதை யாரிடமும் மூச்சுவிடாமல் வைத்திருந்தேனோ அதையே. அதற்கு மேல் இன்னொன்று. அந்த சீல் வாயில் யாருடைய கையும் மாட்டாது. அதற்கு மேலே கண்ணாடி மூடி ஒன்று உண்டு, அதைத் தூக்கினாலே மெஷின் நின்றுவிடும். அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான். என் கையைப் பிடித்து அந்த மூடியைத் தூக்க வைத்து, மெஷின் நின்றதும், "பாத்தியா, எவ்வளவு பத்திரம்," என்று சிரித்தவன். ஒரு கைதட்டலுக்காக மெஷினைப் பற்றிக்கூடப் பொய் எழுதிவிட்டான். இதை நினைத்தபோதுதான் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. என்னைப் பற்றி எழுதியதற்குக்கூட வரவில்லை.

ரேடியோ தலைவலையைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் வந்தாள். தாளைத் தூக்கிக் காட்டினேன். "இது எப்போ நடந்துச்சு?"

"வியாழக்கிழமை. நீ ஓவர்டைம்ல இருந்தியே, அன்னிக்கு ரிகர்சல்ல மாத்தினோம்," என்றவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றாள். "உனக்குத் தெரியாதா? நீ சம்மதிச்சிட்டேன்னுதானே அவன் சொன்னான்."

"நீ என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. தினம் என் பக்கத்துலதானே நிக்கற. ஊர் உலகத்துக் கதையெல்லாம் பேசற."

அவள் கீழே பார்த்தாள். "கேக்கலாம்னுதான் இருந்தேன். கேட்டு நீ மாட்டேன்னுட்டா நாடகமே நின்னு போயிடும்னு கேக்கலடி. எனக்கு இந்த ஒரு தடவை மேடையில நிக்கணும்னு இருந்துச்சு." பொய் சொல்லியிருந்தால் அவள் மேல் கோபப்பட்டிருப்பேன். உண்மையைச் சொல்லிவிட்டதால் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எனக்கும் ஓர் ஆசை இருந்தது, அவளுக்கும் ஓர் ஆசை இருந்தது, அவன் இரண்டையும் தெரிந்து வைத்துக்கொண்டு நடுவில் புகுந்து காரியத்தை முடித்துக்கொண்டான்.

அவனும் வந்தான். சட்டையில் கிரீஸ் கறை தெரிய வேண்டும் என்று கறுப்பு மையைத் தடவியிருந்தான். நிஜக் கிரீஸ் போகாத விரல்கள், அதன் மேல் பொய் மை. என்னைப் பார்த்ததும் ஒரு சிரிப்பு சிரித்தான், வழக்கமாக எடுபடுகிற சிரிப்பு.

"கோவமா? ரிகர்சல் பாத்துட்டுப் பசங்க என்னய ஓட்டி எடுத்துட்டானுங்க. கேன்டீன்ல தட்டு எடுத்துட்டுப் போனாக்கூட 'பிஸ்கட் அடுக்க வந்துட்டாண்டா'ங்கறானுங்க. முன் வரிசையில மேனேஜர் வேற உக்காந்திருக்காரு. நாடகம்தானே, விடு."

"நாடகத்துலயாவது ஜெயிச்சுக்கோன்னு சொன்னது யாரு?"

"அப்புறம் பேசிக்கலாம், மணி அடிச்சிருவாங்க." குரலைத் தணித்து, கொஞ்சலாகச் சொன்னான்: "வசனத்த மட்டும் கொஞ்சம் முன்னாடியே எடுத்துக் குடு, என்ன? புதுசு. ஒரு வரிகூட எனக்கு வராது."

வெட்கமில்லாமல் கேட்டான் என்று சொல்ல மாட்டேன். அவனுக்கு அதில் வெட்கப்பட ஒன்றும் இருப்பதாகவே தெரியவில்லை, அதுதான் விஷயம். எனக்குக் குழி வெட்டுவதற்கு மண்வெட்டியை என்னிடமே கேட்கிறான், நான் எடுத்துக் கொடுப்பேன் என்று அவ்வளவு நிச்சயமாக நம்புகிறான். இரண்டு வருஷமாக நான் எடுத்துக் கொடுத்துக்கொண்டுதானே இருந்தேன். தலையை ஆட்டினேன். அவன் என் தோளில் தட்டிவிட்டு மேடைக்குப் போனான்.

மணி அடித்தது. என் பின்னால் திரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த கேன்டீன் அண்ணன் கயிற்றை இழுத்தார். ஹாலில் வேர்வையும் பவுடரும் கலந்த வாசனை எழுந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம், ஜன்னல்களில் துணி கட்டி இருட்டாக்கியிருந்தாலும் ஓரங்களில் வெயில் கசிந்தது. முன் வரிசையில் மேனேஜர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். வலப்புறம் ஆண்கள், இடப்புறம் பெண்கள். எங்கள் பெல்ட்டுப் பெண்கள் மொத்தமாகத் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வந்து, குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு, ரேடியோ வாயைத் திறந்தாலே சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். அட்டையால் செய்த மெஷின் நடுவில் நின்றது. அதற்கு வெள்ளி வண்ணம் அடித்தவள் நான்.

முதலில் எழுதியிருந்தபடியே எடுத்துக் கொடுத்தேன். அவன் எழுதியபடியே. "மெஷின்னா விளையாட்டு இல்ல" என்று மெதுவாகச் சொன்னேன், "மெஷின்னா விளையாட்டு இல்ல!" என்று அவன் முழங்கினான். ஆண்கள் பக்கம் விசில் பறந்தது. என் குரல் எனக்கே யாரோ ஒருத்தியின் குரல்போல இருந்தது. நான் இப்படியே கடைசி வரை போய்விடுவேன் என்றுதான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு வேறு திட்டம் எதுவும் இல்லை. நாடகத்தை நடுவில் குலைக்கிற தைரியம் என் வம்சத்திலேயே கிடையாது.

ரேடியோ இடுப்பில் கை வைத்து அவனைப் பார்த்தாள். தாளில் இருந்தபடி, அவளுடைய கணீர்க் குரலில் கேட்டாள்: "நான் ஏன் மெஷின்ல நிக்கக் கூடாது? ஒரே ஒரு காரணம் சொல்லு, போதும்!"

அதற்கு அவன் எழுதி வைத்திருந்த பதில் என் கையில் இருந்தது. "உனக்கு ஏதாவது ஆயிட்டா என்னால தாங்க முடியாது." பல்பின் வெளிச்சத்தில் அது தெளிவாகத் தெரிந்தது. அவன் காதை என் பக்கம் லேசாகச் சாய்த்தான். நான் வாயைத் திறந்தேன். தாளில் இருந்தது வரவில்லை. யார் அதைச் சொன்னது, நான்தானா என்று இப்போதும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

"அண்ணாந்து பாத்து எனக்குப் பழக்கமில்ல. நீ கீழ நின்னாத்தான் என்னால உன்ன நேசிக்க முடியும்."

அவன் வாங்கினான், சொன்னான். ஒரு சொல் பிசகாமல் சொன்னான். கடைசிச் சொல் வாயைவிட்டுப் போன பிறகுதான் அவன் கண் ஒரு கணம் அரண்டு தட்டியின் பக்கம் வந்தது. அதே கணத்தில் ஹால் அதிர்ந்தது. கை தட்டினார்கள். விசில், நாற்காலியைத் தட்டுகிற சத்தம், "அப்படிப் போடு!" என்று ஒரு குரல். மேனேஜர்கூடச் சிரித்துத் தலையசைத்தார். பெண்கள் பக்கத்திலும் இரண்டு மூன்று பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். அவன் அசிங்கம் எல்லோர் முன்னாலும் வந்து விழுந்தால், அது அவர்களுக்குப் பஞ்ச் டயலாக்காக இருந்தது. அவன் முகம் மெல்ல மெல்ல மாறுவதைத் தட்டியின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் பயம், பிறகு சந்தேகம், பிறகு வெளிச்சம். அவன் கூட்டத்தின் பக்கம் திரும்பி, நெஞ்சில் தட்டிக்கொண்டு, இன்னும் பலமாக, நான் எடுத்துக் கொடுக்காமலே அதை இரண்டாவது தடவை சொன்னான்.

இரண்டாவது தடவைக்கு இன்னும் பெரிய விசில்.

எனக்கு அந்த நிமிஷத்தில்தான் எல்லாம் விட்டுப்போயிற்று. புதுத் தாளைப் பார்த்தபோதுகூட ஏதோ ஒரு நூல் மிச்சம் இருந்தது. கேலி தாங்காமல் செய்துவிட்டான், பாவம், என்று நாளைக்கு நானே அவனுக்கு வக்காலத்து வாங்கியிருப்பேன். ஆனால் தோள் குலுங்க அழுதுகொண்டு சொன்ன அதே வாக்கியத்தை நெஞ்சைத் தட்டிச் சொல்கிறான். அப்படியென்றால் அன்றைக்கு அழுதது எதற்கு? என்னிடம் தண்ணீர் பாட்டிலை வாங்கிக் குடித்தது எதற்கு? அவனுக்கு அந்த வாக்கியம் வெட்கமாக இருந்ததே இல்லை. கேட்பதற்கு ஆள் போதாமல்தான் இருந்திருக்கிறது.

ரேடியோ அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த வரி அவள் படித்த தாளில் இல்லை. வரியின்மேல் எண்ணெய் வாசனைபோல ஏதோ நிஜம் ஒட்டியிருந்தது அவள் மூக்குக்கு எட்டியிருக்க வேண்டும். அவள் தட்டியின் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவளாகவே, நாடகக் குரலில் இல்லாமல், பெல்ட்டில் நின்று பேசுகிற குரலில் கேட்டாள்: "அதான் காரணமா? வேற ஒண்ணுமில்லையா?"

அவன் உற்சாகமாகக் காதைச் சாய்த்தான். இன்னும் கொடு என்று கேட்கிற காது. நான் அடுத்ததைக் கொடுத்தேன். இந்த முறை தெரிந்தேதான் கொடுத்தேன்.

"நீ ஃபெயில் ஆயிடுவன்னு எனக்குப் பயமில்ல," என்று அவன் கையை வீசிச் சொன்னான். ஆண்கள் பக்கம் விசிலுக்கு விரலை மடித்து வாயில் வைத்துவிட்டார்கள். நான் மிச்சத்தைச் சொன்னேன். அவனும் அதே வேகத்தில், அதே நெஞ்சுத் தட்டலோடு, ஹாலின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி சொன்னான்: "பாஸ் ஆயிடுவன்னுதான் பயம்!"

விசில் வரவில்லை. வாயில் வைத்த விரல்கள் அங்கேயே நின்றன. அவனுடைய சொந்தக் குரல் ஹாலின் பின்சுவரில் பட்டுத் திரும்பி வந்து அவனுக்கே கேட்டிருக்க வேண்டும், நெஞ்சில் இருந்த கை மெதுவாகக் கீழே இறங்கியது. பெண்கள் பக்கத்தில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அடுப்புப் பக்கம் தட்டு கழுவுகிற அக்காவாக இருக்கலாம், அவள்தான் அப்படிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு பக்கத்து நாற்காலிக்குப் போனது, அங்கிருந்து பின்வரிசைக்கு. எங்கள் பெல்ட்டு முழுக்கச் சிரித்தது. என்ன என்று தெரியாமல் குழந்தைகளும் சிரித்தன. பிறகு ஆண்கள் பக்கத்திலும் ஒருத்தன் சிரித்தான், "பயமாண்டா!" என்றான்.

நான் சிரிக்கவில்லை. சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. அவன் தட்டியின் பக்கம் பார்த்தான். கோபமாக இருப்பான் என்று நினைத்தேன், அதுவும் இல்லை. சைக்கிள் ஷெட்டில் பார்த்த அதே முகம், கீழ் உதடு லேசாகத் துடித்தது. இந்த இரண்டாவது வாக்கியம் மட்டும் நிஜமாகவே அவனுக்கு வலித்து வந்தது போலிருக்கிறது. அதை நான் கூட்டத்தில் எறிந்துவிட்டேன். அவன் எனக்குச் செய்ததையே நானும் அவனுக்குச் செய்துவிட்டேன், அதே மேடையில், அவன் கட்டிக்கொடுத்த வெளிச்சத்திலேயே. அது தெரிந்தும் எனக்கு இரக்கம் வரவில்லை. வராதது எனக்கே பயமாக இருந்தது.

ரேடியோ மெஷினுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். இனி என்ன என்று அவளுக்கும் தெரியவில்லை. எழுதிய தாளின்படி சீல் வாயில் கையை விட்டு அலற வேண்டும், அவள் அலறவில்லை. அட்டை மெஷினின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்தடவையாகப் பேசாமல் நின்றாள். அவன் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. அடுத்தது, என்று கேட்டான். இந்த நிலைமையிலும் என்னிடம்தான் கேட்டான். எதிர்ப்பக்கத் தட்டியில் மாவு அண்ணன் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் ஆட்டி, திரையை விடச் சொல்லி யாருக்கோ சைகை காட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் கேன்டீன் அண்ணன் குனிந்து என் காதருகில், "திரைய விட்டுடவாம்மா?" என்று கேட்டார்.

"இருங்க," என்றேன்.

கொஞ்சம் பலமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மேடையில் அவன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, வலது கையைத் தூக்கி, "இருங்க," என்றான்.

சிரிப்பு நின்றது. மேனேஜர் கால்மேல் போட்டிருந்த காலை இறக்கி நேராக உட்கார்ந்தார். பெண்கள் மடியிலிருந்த குழந்தைகளின் வாயைப் பொத்தினார்கள். ஹால் முழுக்க அப்படியே உட்கார்ந்திருக்க, தூக்கிய கையை இறக்காமல், காதை என் பக்கம் சாய்த்துக்கொண்டு அவன் நின்றிருந்தான்.